கருவியின் முகவரியும் கம்பியில்லா இணைப்பின் காவலும்

கொல்கத்தாவின் தென்பகுதியில், காளிகாட் மெட்ரோ நிலையத்துக்கு அண்மையில் உள்ளது லேக் மார்க்கெட். வாழையிலையும் கறிவேப்பிலையும் காப்பிப் பொடியும் கிடைக்கும் இடமென அந்நகரத் தமிழர் இதனை நன்கு அறிவர். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இப்பகுதியில் வீடுகளும் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. இத்தகைய இடத்தில் ஒருவர் வைஃபை எனப்படும் கம்பியில்லா இணைய இணைப்பை அமைத்தால், அதன் அலைகள் அவருடைய சுவரோடு நின்றுவிடுவதில்லை. மாடிப்படிக்கும் எதிர்வீட்டுக்கும் தெருவுக்கும் அவை எட்டுகின்றன. ஆதலின், யாரை உள்ளே அனுமதிப்பது, யாரை விலக்குவது என்னும் வினா எழுகின்றது.

இவ்வினா அற்பமானதன்று. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு, செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நவி மும்பையில் காவலின்றி இருந்த ஒரு வீட்டு வைஃபை இணைப்பின் வழியே அஃது அனுப்பப்பட்டதெனப் புலனாய்வில் தெரிந்தது. குற்றத்தோடு தொடர்பில்லாதிருந்தும் அவ்வீட்டில் குடியிருந்தவர் விசாரணைக்கு உட்பட நேர்ந்தது. இதனைத் தொடர்ந்து, 2009 பிப்ரவரியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பயன்படுத்துவோரை ஒரு மைய அமைப்பின் வாயிலாக அடையாளம் கண்ட பின்னரே அனுமதிக்க வேண்டுமென இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

அங்கீகார சர்வர்

இவ்விதம் அடையாளம் காணும் கம்ப்யூட்டரே அங்கீகார சர்வர் ஆகும். இதற்குப் பெரிதும் கையாளப்படும் முறை ‘ரேடியஸ்’ எனப்படும். இம்முறை 1991இல் அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பி வழி இணைப்புகளுக்காக உருவாக்கப்பட்டது. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியபோது, கல்கத்தாவிலும் இத்தகைய தொலைபேசி இணைப்பே வழங்கப்பட்டது.

ரேடியஸ் முறை இயங்கும் விதம் எளிது. ஒரு கருவி இணைய முற்படும்போது, வைஃபைப் பெட்டி தானாக முடிவு செய்வதில்லை. அது கருவியைப் பற்றிய விவரங்களைச் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் தன் பட்டியலோடு ஒப்பிட்டு, ‘ஏற்கலாம்’ அல்லது ‘மறுக்கலாம்’ என விடையளிக்கிறது. அவ்விவரங்களுள் ஒன்று கருவியின் வன்பொருள் முகவரி. இது ‘மேக்’ முகவரி எனவும் வழங்கப்பெறும். குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே பட்டியலில் எழுதி, ஏனையவற்றை விலக்குவது பல அலுவலகங்களின் வழக்கம்.

முகவரியின் அமைப்பு

இம்முகவரி 48 இரும இலக்கங்களால் ஆனது. இவ்வமைப்பில் சுமார் 281 லட்சம் கோடி வெவ்வேறு எண்கள் அமையக்கூடும். பன்னிரண்டு குறிகளாக எழுதப்படும் இதன் முற்பாதி பொதுவாகத் தயாரிப்பாளரையும், பிற்பாதி தனிக் கருவியையும் குறிக்கும். 48 இலக்கங்கள் வேண்டப்படும் காரணத்தை விளக்கி 1981இல் வெளிவந்த கட்டுரையின் ஆசிரியர் இருவருள் ஒருவர், பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்ற யோகன் தலால் ஆவார்.

இம்முகவரியை எழுதும் விதத்திலும் கவனம் தேவை. ஒரு பெட்டி குறிகளுக்கிடையே சிறு கோடு இடும்; மற்றொன்று முக்காற்புள்ளி இடும். சர்வர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதாக அமைந்திருப்பின், உரிய கருவியும் மறுக்கப்படும். 2003இல் வெளிவந்த நெறிமுறை ஒன்று, பெரிய எழுத்துகளையும் சிறு கோட்டையும் கையாளுமாறு பரிந்துரைத்தது.

பெயர் சான்றாகாது

எனினும் இம்முறையின் பெருங்குறை வேறு. வைஃபை வழியே செல்லும் செய்தி மறையாக்கம் செய்யப்பட்டாலும், அனுப்பும் கருவியின் முகவரி வெளிப்படையாகவே செல்கிறது. எனவே அண்டையில் உள்ள ஒருவர் அதனைக் கேட்டறிந்து, தம் கருவிக்கும் அதே முகவரியைச் சூட்டிக்கொள்ளலாம். முகவரி ஒன்றை மட்டுமே நோக்கும் சர்வர் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாது. அம்முகவரி கருவியின் பெயரேயன்றி, அதன் உரிமைக்குச் சான்றன்று.

அண்மைக் காலத்தில் மற்றொரு மாறுதலும் நேர்ந்துள்ளது. கடைகளிலும் பொது இடங்களிலும் கைப்பேசிகளின் முகவரிகளைப் பதிவு செய்து மக்களின் நடமாட்டத்தைத் தொடர்வது இயலுமென்பதால், தயாரிப்பாளர்கள் தற்காலிக முகவரிகளைப் புகுத்தினர். 2019இல் வெளியான ஆண்ட்ராய்டு 10ம், 2020இல் வெளியான ஐஓஎஸ் 14ம் இதனை இயல்பான வழக்கமாக்கின. ஒவ்வோர் இணைப்புக்கும் கைப்பேசி வெவ்வேறு முகவரியைக் காட்டுகிறது. இதன் விளைவாக, பெட்டியின் மீது அச்சிட்ட எண்ணைப் பார்த்துப் பட்டியலிட்ட அலுவலகத்தில், உரிமையுள்ள ஊழியரே வெளியில் நிற்க நேரிடுகிறது. முகவரியின் இரண்டாம் குறி 2, 6, ஏ, இ என்பவற்றுள் ஒன்றாயின், அது தற்காலிக முகவரியாக இருக்கக்கூடும் என அறியலாம். நம்பத்தக்க அலுவலக இணைப்புக்கு மட்டும் இவ்வசதியை நிறுத்திவைக்கவும் கைப்பேசியில் வழியுண்டு.

செய்யத்தக்கவை

வீடுகளிலும் சிறு கடைகளிலும் நீண்ட கடவுச்சொல்லும், டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 என்னும் மறையாக்க முறையும் போதிய காவலாகும். விருந்தினருக்குத் தனி இணைப்பு அளித்தல் நன்று. பள்ளிகளும் அலுவலகங்களும் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் அல்லது கருவிக்கு மின்னணுச் சான்றிதழும் வழங்கி, அவற்றைச் சர்வர் சோதிக்குமாறு செய்தல் வேண்டும். அப்போது ஒருவர் விலகினால் அவரது அனுமதியை மட்டும் நீக்கலாம். கடவுச்சொல் அளிக்க இயலாத அச்சுப்பொறி போன்ற கருவிகளுக்கு மட்டும் வன்பொருள் முகவரியைக் கொண்டு அனுமதி தந்து, அவற்றையும் முக்கியக் கோப்புகளை அணுகவியலாத தனிப் பிரிவில் வைக்கலாம்.

கருவிகளைக் கணக்கெடுக்கவும், பழுதைக் கண்டறியவும் வன்பொருள் முகவரி பெரிதும் உதவும். வாயிற்காவலை மட்டும் அதனிடம் தனியே ஒப்படைத்தல் ஆகாது. ஓர் இணைப்பு தவறான காரியத்துக்குப் பயன்பட்டால், முதலில் வினவப்படுபவர் அதன் உரிமையாளரே என்பதை 2008ஆம் ஆண்டு நிகழ்ச்சி உணர்த்திற்று.