சென்னை உலகுக்கு அளித்த பாடம்

தொற்றுநோய் ஒருவரைப் பற்றினால், அவர் வீட்டாரையும் அண்டை அயலாரையும் தொடரக்கூடும். ஆதலின் அதனை நீக்குதல் அரசுக்கும் குடிமக்கள் அனைவர்க்கும் உரிய பொதுக் கடமையாகும். பொதுச் சுகாதாரத்தை உயர்த்துதல் அரசின் முதன்மையான கடமைகளுள் ஒன்று என்று நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 47 ஆம் பிரிவு கூறுகின்றது. இக்கடமையைப் பல நாட்டு அறிஞர்களும் சென்னை நகர மக்களும் ஒன்றுகூடி ஆற்றிய வரலாற்றை இங்குக் காண்போம்.

எலும்புருக்கி நோய் எனப்படும் காசநோயை விளைவிக்கும் கிருமியை ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1882 இல் கண்டறிந்தார். நோயாளி இருமும்பொழுது அக்கிருமி காற்றில் கலந்து பிறரைப் பற்றுகின்றது. அதனைக் கொல்லும் மருந்து நெடுங்காலம் கிட்டவில்லை. தூய காற்றும், ஓய்வும், நல்லுணவுமே மருந்தெனக் கருதப்பட்டன. அவற்றை அளிக்க ஊர்ப்புறங்களில் சானடோரியங்கள் எழுந்தன. டாக்டர் சௌரி முத்து 1928 இல் தாம்பரத்தில் தொடங்கியது அத்தகையதே.

பின்னர் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசினும், சுவீடனில் பாஸ் என்னும் மருந்தும் தோன்றின. 1952 இல் ஐசோனியசிட் என்னும் மாத்திரையும் பயனுக்கு வந்தது. எனினும் நம் நாட்டில் நோயாளிகளோ பல இலட்சம் பேர். மருத்துவமனைப் படுக்கைகளோ மிகச் சில. நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்த இயலுமா? இயலுமாயின், வீட்டாருக்கு நோய் பரவாதா? இவ்வினாக்கள் எழுந்தன.

விடை காண 1956 இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதற்குத் துணைநின்றன. நகரத்து ஏழை நோயாளிகள் ஏறக்குறைய 200 பேர் இரு பிரிவாக்கப்பெற்றனர். எவர் எப்பிரிவு என்பது, எவர் விருப்பத்திற்கும் விடாமல், சீட்டுக் குலுக்கினாற்போல் முடிவு செய்யப்பட்டது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மற்றவர் தம் சிறு வீடுகளிலேயே இருந்தனர். இரு பிரிவினர்க்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகள் அளிக்கப்பட்டன.

முடிவு 1959 இல் வெளியாயிற்று. சானடோரியத்தில் இருந்தோருள் நூற்றுக்கு 92 பேரும், வீட்டிலிருந்தோருள் நூற்றுக்கு 86 பேரும் கிருமி நீங்கி நலம் பெற்றிருந்தனர். நெருக்கமான வீடும் குறைந்த உணவும் மருந்தின் ஆற்றலைத் தடுத்துவிடவில்லை. வீட்டில் மருந்துண்டோரின் குடும்பத்தார்க்கு நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. முறையான மருந்து, நோய் தொற்றும் தன்மையை விரைவில் குறைத்துவிடுகின்றது. இதனை அறிந்த உலக நாடுகள் தம் மருத்துவ முறையை மாற்றிக்கொண்டன. பிற நாடுகளில் பிறந்த மருந்துகளை ஏற்ற சென்னை, அவற்றை ஏழையின் இல்லத்திற்குக் கொண்டுசெல்லும் வழியை உலகுக்குக் கற்பித்தது. அந்நிலையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகின்றது.

மாணவர்களே! சிறிது நலம் கண்டவுடன் மருந்தை நிறுத்துவோர் பலர். அதனால் எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாக மாறக்கூடும். அவை பிறரையும் பற்றும். ஆகவே மருந்தை இறுதிவரை உண்ணுதல் நோயாளியின் குடிமைக் கடமை. மருந்தை இலவசமாக அளித்தல் அரசின் கடமை. நோயுற்றாரை ஒதுக்காது, அவர் மருந்துண்ணத் துணைநிற்றல் நம் கடமை. ஆராய்ச்சிக்குத் தம்மை உட்படுத்திய அவ்வேழை மக்களின் பெயர்களை உலகம் அறியாது. அவர்களால் விளைந்த நன்மையையோ உலகம் முழுவதும் பெற்றது.