பிறேக் பேட் வாங்கும்போது: கம்பனிப் பொருளா, வெளிச்சந்தைப் பொருளா?

மலை ஏறுவதிலும் பார்க்க இறங்குவது இலகு என்று கால்நடையாகச் செல்பவர் கூறலாம். மோட்டார் வண்டியைச் செலுத்துபவர் அவ்வாறு கூறமாட்டார். ஏற்றத்திலே எஞ்சின் களைத்துப் போனால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இறக்கத்திலே பிறேக் களைத்துப் போனால் வண்டி நில்லாது. இந்த வேறுபாட்டை நாம் புத்தகத்திலே படித்து அறியவில்லை. நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும் வழியிலே அறிந்துகொண்டோம்.

சித்திரை விடுமுறை முடிந்து குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியிலே ஐவர், பின்னால் பெட்டிகளும் மரக்கறி மூட்டைகளும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னர்தான் முன்சக்கரங்களுக்குப் புதிய பிறேக் பேட் போட்டிருந்தோம். கம்பனி விலையில் மூன்றிலொரு பங்குக்குக் கிடைத்ததென்று வீட்டிலே பெருமையாகச் சொல்லியும் இருந்தோம். இறம்பொடையை நெருங்குகையில் எரிந்த நாற்றம் ஒன்று மூக்கைத் துளைத்தது. அடுத்த வளைவிலே பெடலை மிதித்தோம். பெடல் கல்லைப்போல் இறுகி நின்றது. வண்டியின் வேகமோ குறையவில்லை. பின்னாசனத்தில் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

கியரைப் படிப்படியாகக் குறைத்து, கைப்பிறேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, வழியோரத் தேநீர்க் கடை ஒன்றின் முன்னே வண்டியை நிறுத்தினோம். முன்சக்கரங்களிலிருந்து புகை எழுந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே காத்திருந்துவிட்டு, மெதுவாகக் கீழே வந்து சேர்ந்தோம்.

மறுநாள் கராஜில் அந்தப் பேட்டுகளைக் கழற்றிய முதிய மெக்கானிக் அவற்றை எமது கையிலே தந்தார். உராய்வுப் பொருள் வெடித்து, இரும்புத் தகட்டிலிருந்து ஓரமாக விலகியிருந்தது. வண்டிக்குள் கிடந்த வெற்றுப் பெட்டியையும் வாங்கிப் பார்த்தார். “ஐயா, பெட்டியிலே பெரிய கம்பனியின் பெயர் இருக்கிறது. உள்ளே இருந்த சாமான் அந்தக் கம்பனியினுடையது அல்ல” என்றார். அன்றிலிருந்து இந்தச் சிறு பொருளைப்பற்றி அறிய முயன்றோம். அறிந்ததை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

வேகம் எங்கே போகிறது?

பிறேக்கின் வேலை வண்டியின் இயக்கத்தை வெப்பமாக மாற்றுவது. சக்கரத்தோடு சுழலும் இரும்பு டிஸ்க்கை இருபுறமும் இரண்டு பேட்டுகள் நெருக்கிப் பிடிக்கின்றன. உராய்வினால் வெப்பம் பிறக்கிறது, வேகம் தணிகிறது.

எவ்வளவு வெப்பம் என்பதை மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 1,200 கிலோகிராம் எடையுள்ள வண்டி மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்கையில் அதன் இயக்கச் சக்தி ஏறக்குறைய 1,67,000 யூல். அறையில் வைத்த அரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். ஒருமுறை நிறுத்தும்போது, இரண்டு மூன்று கோப்பைத் தேநீருக்கான வெப்பம் அச்சிறு பேட்டுகளிலும் டிஸ்க்குகளிலும் இறங்குகிறது.

அதே வண்டி 1,000 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கினால், அது இழக்க வேண்டிய சக்தி இதைப்போல் ஏறக்குறைய எழுபது மடங்கு. காற்றின் தடையும் எஞ்சினின் தடையும் அதில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். ஆயினும் கியரைக் குறைக்காமல் பெடலையே நம்பி இறங்குபவர், பெரும்பாரத்தைப் பேட்டுகளின்மீதே சுமத்துகிறார்.

பேட்டிலே நார், உலோகத்தூள், கரி முதலிய பல பொருட்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பது ஒருவகைப் பிசின். வெப்பம் எல்லை கடந்தால் இப்பிசின் சிதைந்து வாயுவாக வெளிப்படும். அவ்வாயு பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையே மெல்லிய படலம்போல் நிற்க, உராய்வு குன்றும். பெடல் இறுகியிருந்தும் வண்டி நில்லாமைக்குக் காரணம் இதுவே. நல்ல பேட்டுக்கும் இந்த எல்லை உண்டு. ஆனால் அது மிகத் தொலைவில் இருக்கும். தரங்குறைந்த பேட்டில் அந்த எல்லை அடுத்த வளைவிலேயே காத்திருக்கும்.

சமதரையிலே இந்தக் குறை வெளிப்படாதா என்று கேட்கலாம். அவசரத்திலே வெளிப்படும். இரண்டு வண்டிகள் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வருகின்றன என்று கொள்வோம். ஒன்றின் பிறேக் விநாடிக்கு 25 கிலோமீற்றர் வீதம் வேகத்தைக் குறைக்கிறது; மற்றையது 18 வீதம். முதலாவது வண்டி 20 மீற்றரில் நின்றுவிடும். இரண்டாவது நிற்க ஏறக்குறைய 28 மீற்றர் வேண்டும். முதல் வண்டி நின்ற இடத்தை இரண்டாவது வண்டி கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 32 கிலோமீற்றர் அளவில் இருக்கும். அந்த இடம் பாடசாலை வாசலிலுள்ள மஞ்சட் கோட்டுக் கடவையாக இருந்தால் விளைவு என்ன என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

மூன்று வகையல்ல, நான்கு

கடையிலே ‘ஒறிஜினல் வேண்டுமா, சாதாரணம் வேண்டுமா?’ என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பார்கள். உண்மையில் வகைகள் நான்கு.

முதலாவது, வண்டியைச் செய்த கம்பனியின் பெயரோடு அதன் பெட்டியிலே வருவது. இரண்டாவது, அக்கம்பனிக்கு பேட் செய்து கொடுக்கும் நிறுவனம் தனது சொந்தப் பெயரில் விற்பது. வண்டிக் கம்பனிகள் பெரும்பாலும் பேட்டுகளைத் தாமே செய்வதில்லை என்பதைப் பலர் அறியார். உதாரணமாக, 1929 ஆம் ஆண்டு ஜப்பானிலே தொடங்கப்பட்ட அகேபோனோ நிறுவனம் பல வண்டிக் கம்பனிகளுக்கு பிறேக் பாகங்களை வழங்கி வருகிறது. தன் பெயரிலும் விற்கிறது. மூன்றாவது, வண்டிக் கம்பனியோடு தொடர்பின்றி வேறு நிறுவனங்கள் செய்யும் வெளிச்சந்தைப் பொருள். இதிலே மிகச் சிறந்ததும் உண்டு. மிகத் தாழ்ந்ததும் உண்டு. நான்காவது, நல்ல பெயரொன்றைத் திருடிப் பெட்டியில் அச்சிட்ட போலி.

நாம் ஏமாந்தது மூன்றாவது வகையில் அல்ல, நான்காவதில். ஆகவே ‘வெளிச்சந்தைப் பேட் ஆபத்தானது’ என்று எமது அநுபவத்தை வைத்துக் கூறுவது நியாயமன்று. செய்தவர் தம் பெயரை மறைக்காது, சோதனைக்குட்படுத்தி விற்கும் வெளிச்சந்தைப் பேட், போலியான ‘ஒறிஜினலை’ விட ஆயிரம் மடங்கு மேலானது.

எமது நாட்டிலே இவ்விடயம் முன்னரிலும் பார்க்க முக்கியமாகிவிட்டது. 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடையிலே 2022 இன் பொருளாதார நெருக்கடியில் ரூபாயின் மதிப்பு வீழ, உதிரிப் பாகங்களின் விலை உயர்ந்தது. பழைய வண்டியையே பேணிக்காத்த குடும்பங்கள் பல. பஞ்சிகாவத்தைக் கடைவீதியிலே விலைகேட்டு நிற்கும் தந்தையின் மனத்தை நாம் அறிவோம். அவர் மலிவை நாடுவது பேராசையினால் அல்ல.

முத்திரைகள் சொல்வது

அவருக்கு உதவக்கூடிய அடையாளங்கள் சில உண்டு. ஐரோப்பாவிலே விற்கப்படும் மாற்றுப் பேட்டுகள் ‘ஒழுங்குவிதி 90’ என்னும் ஐக்கிய நாடுகள் விதிக்கு அமைய வேண்டும். அதன்படி, கார் ஒன்றுக்கான மாற்றுப் பேட்டின் வலிமை, அவ்வண்டியோடு வந்த பேட்டின் வலிமையிலிருந்து நூற்றுக்கு 15 க்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. உராய்வுப் பொருள் தகட்டோடு ஒட்டியிருக்கும் உறுதியும் சோதிக்கப்படும். முன்னர் திறக்கப்பட்டிருந்தால் தெரியும் வண்ணம் பெட்டி முத்திரையிடப்பட வேண்டும். வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும், அருகே 90 என்ற எண்ணும் இருப்பது இதன் அடையாளம். அமெரிக்காவிலே மாற்றுப் பேட்டின் செயற்றிறனுக்கு இத்தகைய கட்டாய விதி இல்லை. ஆதலால் ‘வெளிநாட்டுச் சாமான்’ என்பது மட்டும் தரத்துக்குச் சான்றாகாது.

பல பேட்டுகளின் ஓரத்திலே இரண்டு ஆங்கில எழுத்துகளைக் காணலாம். முதலெழுத்து சாதாரண வெப்பத்திலும், இரண்டாம் எழுத்து மிகுந்த வெப்பத்திலும் உள்ள உராய்வைக் குறிக்கும். ‘ஈ’ என்பது 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்பது 0.35 முதல் 0.45 வரை, ‘ஜீ’ என்பது 0.45 முதல் 0.55 வரை. முதலெழுத்து ‘எஃப்’ ஆகவும் இரண்டாவது ‘ஈ’ ஆகவும் இருந்தால், சூடேறும்போது பிடி தளரும் என்று அறியலாம். எனினும் இவ்வெழுத்துகள் உழைக்கும் காலத்தையோ முழுத் தரத்தையோ சொல்வதில்லை. போலி செய்பவர் எழுத்துகளையும் அச்சிட வல்லவர் என்பதையும் மறக்கலாகாது. எனவே முத்திரையோடு விற்பவரையும் பார்க்க வேண்டும்: பெயர் எழுதிய பற்றுச்சீட்டுத் தரத் தயங்கும் கடையிலே பிறேக் பேட் வாங்காதிருப்பதே நன்று.

தூசியிலே மறைந்த ஆபத்து

இங்கிலாந்தின் டர்பிஷயர் மலைப்பகுதியிலே, இறக்கத்தில் வண்டிக்காரர் பழைய சப்பாத்துகளைச் சக்கரத்தோடு அழுத்தித் தடுத்ததைக் கண்டே, ஹேர்பேட் ஃபுரூட் என்பவர் நல்ல தடுப்புக் கட்டை செய்ய எண்ணினார் என்பர். 1897 இல் அவர் தொடங்கிய முயற்சியே ஃபெரோடோ என்ற பெயரில் வளர்ந்தது. பின்னர் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், வெப்பந்தாங்கும் கல்நாராகிய அஸ்பெஸ்டஸ் பிறேக்குகளிலே சேர்க்கப்பட்டது. அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலிற் புகுந்து, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம் என்பது பின்னரே உணரப்பட்டது. வெளிச்சந்தைப் பிறேக் பாகங்களிலும் கல்நாரைத் தடுக்கும் விதி அமெரிக்காவில் 2024 மார்ச்சிலேதான் பிறப்பிக்கப்பட்டது.

ஆகவே ‘அஸ்பெஸ்டஸ் அற்றது’ என்று எழுதப்படாத மலிவுப் பேட்டை விலக்குவது எமக்காக மட்டுமன்று. கராஜிலே நிலத்திற் குந்தியிருந்து காற்றுக்குழாயால் பிறேக் தூசியை ஊதித் தள்ளும் பையனுக்காகவும்தான். தூசியை ஊதாது ஈரத்துணியால் துடைக்கும்படி அவனுக்குச் சொல்வது வாடிக்கையாளர் செய்யக்கூடிய சிறு உபகாரம்.

எதை வாங்குவது?

பணவசதி உள்ளவர், வண்டியின் சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து, அங்கீகாரம் பெற்ற முகவரிடம் கம்பனிப் பேட்டை வாங்குவது கவலையற்ற வழி. செலவைச் சுருக்க விரும்புபவர், கம்பனிக்குச் செய்து கொடுக்கும் நிறுவனத்தின் சொந்தப் பெட்டியை நாடலாம். அதுவும் கிடையாவிடில், மேற்சொன்ன முத்திரையுள்ள, பெயர்பெற்ற வெளிச்சந்தைப் பொருள் போதுமானது.

எங்கே ஓடும் வண்டி என்பதையும் எண்ண வேண்டும். யாழ்ப்பாணத்துச் சமதரையில் ஓடும் சிறு காருக்கு ஓசையற்ற மென்மையான பேட் பொருந்தும். அது விரைவிலே தேயும் என்பது ஒன்றே குறை. ‘செரமிக்’ வகை தூசியும் ஓசையும் குறைந்தது. விலை சற்று அதிகம். மலைநாட்டிலே சுமையோடு ஓடும் வண்டிக்கு, உலோகம் கலந்த வகை வெப்பத்தை நன்கு தாங்கும். ஆனால் சிறிது சத்தமிடும், டிஸ்க்கையும் கூடுதலாகத் தேய்க்கும்.

எதை வாங்கினாலும், ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் ஒருங்கே மாற்ற வேண்டும். உராய்வுப் பொருள் 3 மில்லிமீற்றராகத் தேய்ந்ததும் மாற்றிவிடுவது நல்லது. புதிய பேட்டுகள் டிஸ்க்கோடு பொருந்தும்வரை முதல் இருநூறு கிலோமீற்றர் தூரம் அளவாக மிதித்து ஓட்ட வேண்டும். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, நாளடைவில் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்கும். அப்போது பெடல் இறுகாது, தொய்ந்து அடிவரை போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றினால் இத்தொல்லை இல்லை. இவை யாவற்றுக்கும் மேலாக, எந்தக் கியரில் மலை ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய சாரதிகளின் விதியைக் கைவிடலாகாது.

அந்த மெக்கானிக் கழற்றித் தந்த பேட்டுகளில் ஒன்றை நாம் எறிந்துவிடவில்லை. வீட்டிலே மேசைமீது வைத்திருக்கிறோம். பிள்ளைகள் அதைக் கையிலெடுத்து, “இதனால்தானா அன்று தேநீர்க் கடையில் நின்றோம்?” என்று கேட்பார்கள். ஆம் என்போம். அன்று பின்னாசனத்திலே அவர்கள் உறங்கிக்கொண்டிருந்ததை மட்டும் நாம் அவர்களுக்கு நினைவூட்டுவதில்லை.