நோக்குறு பட்டியலும் அதன் அறிவிப்பு எல்லையும்

கணிப்பொறித் திரையில் பெயர்வரிசையொன்று தோன்றுகின்றது. அதற்கு மூலமான பட்டியல் நினைவகத்தில் உள்ளது. மூலத்தில் ஒரு பெயர் கூடின், திரையிலும் அஃது உடனே கூடுதல் வேண்டும். இவ்விரண்டும் ஒத்தியங்குவது யாங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வினா புதியதன்று. பொருளையும் அதன் தோற்றத்தையும் பிரித்தமைக்கும் நெறியை 1979-ஆம் ஆண்டில் நார்வே நாட்டறிஞர் டிரிக்வே ரீன்ஸ்காக், செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் வகுத்தார். அந்நெறியின் வழிவந்ததே, 2011-இல் வெளிவந்த ஜாவா எஃப்எக்ஸ் இரண்டாம் பதிப்பிலுள்ள 'அப்சர்வபிள் லிஸ்ட்'.

இதனை நோக்குறு பட்டியல் எனத் தமிழாக்கலாம். எனினும் அப்பெயர் இதன் இயல்பை முற்றும் உணர்த்தவில்லை. திரை இடையறாது பட்டியலை நோக்கிக்கொண்டிருப்பதில்லை. தன் மாற்றத்தைப் பட்டியலே, கேட்பதற்கெனப் பதிவு செய்துகொண்டோர்க்கு அறிவிக்கின்றது. நோக்கப்படுவது என்பதினும் அறிவிப்பது என்பதே பொருந்தும் என்பது எம் கருத்து. அறிவிப்பும் 'மாறினேன்' என்னும் அளவில் அமைவதன்று. எவ்விடம் முதல் எவ்விடம் வரை மாற்றம், சேர்ந்தவை எவை, நீங்கியவை எவை, வரிசை மட்டும் மாறிற்றா என்பனவும் உடன் வரும்.

இனி, பயில்வோர் பெரிதும் இடர்ப்படும் இடம் ஒன்றுண்டு. மாணாக்கர் பட்டியலில் ஒருவர் மதிப்பெண் 40-லிருந்து 60 ஆகத் திருத்தப்படுகிறது எனக் கொள்வோம். பட்டியல் வாய் திறவாது. புதிதாகச் சேர்ந்தார் இலர், நீங்கினாரும் இலர், அம்மாணாக்கர் தம் இடத்திலேயே உள்ளார். பட்டியல் அறிவது உறுப்புகளின் வரவும் நீக்கமும் இடமாற்றமுமே. ஓர் உறுப்பின் அகத்தே நிகழ்வதை அஃது அறியாது. 50-உம் அதற்கு மேலும் பெற்றோரை மட்டும் வடித்துக் காட்டும் வரிசை அப்பட்டியலைச் சார்ந்திருப்பின், தேறியவர் பெயர் ஆண்டு இடம்பெறாது. நிரலோ பிழையென ஒன்றும் கூறாது ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்குத் தீர்வு பட்டியலை ஆக்கும்போதே உள்ளது. ஒவ்வோர் உறுப்பிலும் எப்பண்பைக் கவனித்தல் வேண்டும் என்று கூறும் சார்பு ஒன்றினை அப்பொழுதே தருதல் வேண்டும். நிரலர் இதனை 'எக்ஸ்ட்ராக்டர்' என்பர். மதிப்பெண்ணும் தன் மாற்றத்தைத் தானே அறிவிக்கவல்ல பண்பாக அமைதல் இன்றியமையாதது. வெறும் எண்ணாக வைப்பின் சார்பு தந்தும் பயனில்லை. இவை இரண்டும் அமையின், திருத்தத்தை 'புதுப்பித்தல்' என்னும் வகையாகப் பட்டியல் அறிவிக்கும். வடித்த வரிசையும் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

மற்றுமோர் அமைதியும் உண்டு. முன்னரே உள்ள எளிய பட்டியலை நோக்குறு பட்டியலால் போர்த்திய பின், உள்ளிருக்கும் பழைய பட்டியலை நேரே மாற்றின் எவர்க்கும் அறிவிப்புச் செல்லாது. ஆதலின், போர்த்திய பின் மாற்றங்கள் யாவும் புறப் பட்டியலின் வாயிலாகவே நிகழ்தல் வேண்டும்.