ஒரே பெயர் போதாது

கோப்பினை மடியில் வைத்துக்கொண்டு விரிவுரையாளர் நேர்காணலுக்குக் காத்திருந்தவள் நான். 'பெயர் ஏற்கெனவே முடிவாகிவிட்டதோ?' என்ற கேள்வி வயிற்றைப் பிசையும்.

திருவனந்தபுரம் ஏபிஜே அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமன வழக்கை அதனால்தான் கவனித்தேன். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிப்படி, துணைவேந்தர் தேடல் குழு 3 முதல் 5 பெயர்களைப் பரிந்துரைக்க வேண்டும். குழு கொடுத்ததோ ஒரே பெயர்! நியமனத்தை எதிர்த்த பேராசிரியர் கேரள உயர் நீதிமன்றத்தில் இரண்டு முறை தோற்றார், விடவில்லை. மாநிலச் சட்டத்தோடு முரண்பட்டால் யுஜிசி விதியே செல்லும் என்று கூறி, 2022 அக்டோபர் 21-இல் உச்ச நீதிமன்றம் நியமனத்தை ரத்து செய்தது.

துணைவேந்தருக்கே இந்தக் கண்டிப்பு என்றால், ஆசிரியர் தேர்வுக்கும் அது வேண்டும். நேர்காணலுக்குப் போகிறவர்களே, தேர்வு நேர்மையாக நடந்ததா என்று அறிய, உங்கள் மதிப்பெண் விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள்.