நித்திரை வராத இரவும் நாளைய பரீட்சையும்

க.பொ.த. (சாதாரண தர)ப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவர்களே,

உடுவிலில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். இரவு பதினொரு மணி. மருதனார்மடச் சந்திப் பக்கத்து வாகன இரைச்சலும் அடங்கிவிட்டது. மறுநாள் கணித பாடப் பரீட்சை. பத்து மணிக்கே விளக்கை அணைத்துப் படுத்த மாணவி இன்னும் புரண்டுகொண்டிருக்கிறாள். வட்டத் தேற்றம் ஒன்று மறந்துவிட்டது போலத் தோன்றுகின்றது. அனுமதி அட்டையை எங்கே வைத்தோம் என்ற சந்தேகம் எழுகின்றது. பிறகு, "இன்னும் நித்திரை வரவில்லையே, நாளைக்கு எப்படி எழுதப் போகிறேன்?" என்ற பயம் வருகின்றது. அந்தப் பயமே வரவிருந்த நித்திரையையும் துரத்திவிடுகின்றது.

இது உங்களில் பலருக்கும் நேர்வதே. இது சோம்பலும் அன்று, பலவீனமும் அன்று. காரணத்தை விளங்கிக்கொண்டால் இதனைச் சமாளிக்கலாம்.

1. நித்திரை ஏன் முக்கியம்?

13 முதல் 18 வயது வரையானோருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை தேவை என மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். பகலில் படித்தவை நித்திரையின்போது மூளையில் நிலைப்படுத்தப்படுகின்றன. ஆகவே நித்திரையை விட்டு விடியும்வரை படிப்பவர், ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுபவரைப் போன்றவர்.

2. மனம் ஏன் ஓடுகின்றது?

இருள் சூழும்போது மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலற்றோனின் என்னும் ஓமோனைச் சுரந்து, உடலை நித்திரைக்கு ஆயத்தமாக்குகின்றது. ஆனால் பயம் ஏற்பட்டால் உடல் அதனை ஆபத்தாகவே கருதும். விஞ்ஞான பாடத்தில் நீங்கள் படித்த அதிரினலின் சுரக்கின்றது, இதயத் துடிப்பு அதிகரிக்கின்றது, தசைகள் இறுகுகின்றன. நாயைக் கண்டு ஓடுவதற்கு உதவும் இந்த ஏற்பாடு, பாயில் படுத்திருப்பவருக்கு இடையூறாகின்றது.

"இனி நினைக்கவே கூடாது" என்று மனதுக்குக் கட்டளையிட்டால் பலன் கிடைக்குமா? 1987இல் அமெரிக்க உளவியலாளர் டானியல் வெக்னர் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார். வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம் என்றும், நினைவு வந்தால் மணியை அடிக்குமாறும் அவர் மாணவர்களைக் கேட்டுக்கொண்டார். மணி திரும்பத் திரும்ப ஒலித்தது. எண்ணத்தை அடக்க முயன்றால் அது மேலும் தலைதூக்கும். எனவே எண்ணத்தை அடக்க முயலாமல், அதற்கு வேறோர் இடம் கொடுப்பதே சரியான வழியாகும்.

3. செய்யக்கூடியவை

(அ) கடதாசியில் இறக்கி வையுங்கள். 2018இல் ஐக்கிய அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கல் ஸ்கலின் குழுவினர் 57 இளையோரை ஆராய்ந்தனர். ஒரு பகுதியினர் படுக்குமுன் 5 நிமிடம் இனிச் செய்யவேண்டிய வேலைகளை எழுதினர். மறு பகுதியினர் செய்து முடித்த வேலைகளை எழுதினர். செய்யவேண்டியவற்றை எழுதியோர் சராசரியாக ஏறத்தாழ 9 நிமிடம் முந்தி நித்திரையாயினர். விபரமாக எழுதியோருக்குப் பலனும் கூடுதலாக இருந்தது. எனவே "கணிதம் படிக்கவேண்டும்" என்று எழுதாமல், "காலை 5.30க்கு வட்டத் தேற்றங்களை ஒருமுறை பார்ப்பது; அனுமதி அட்டை, அடையாள அட்டை, இரண்டு பேனை ஆகியவற்றைப் பையில் வைப்பது" என எழுதுங்கள்.

(ஆ) தசைகளைத் தளர்த்துங்கள். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் இம்முறையை 1929இல் நூலாக வெளியிட்டார். பாதத்தின் தசைகளைச் சில செக்கன்கள் இறுக்கி, பின் மெதுவாக விடுங்கள். அவ்வாறே கால், வயிறு, கை, தோள், முகம் என மேல்நோக்கிச் செல்லுங்கள். மூச்சை உள்ளிழுப்பதிலும் பார்க்க வெளிவிடுவதற்குக் கூடுதல் நேரம் எடுங்கள்.

(இ) ஒரு சொல்லை மெதுவாக மீட்டுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், போரினால் மனம் பாதிக்கப்பட்டோருக்குச் சிகிச்சையளித்தபோது, மூச்சுப் பயிற்சியுடன் அவரவர் சமயத்துக்குப் பழக்கமான சொல்லை மீள மீள உச்சரிக்கும் முறையையும் பயன்படுத்தினார். நமது அம்மம்மாமார் படுக்குமுன் இறைவன் நாமம் சொல்வதும் இத்தகையதே. சமய நம்பிக்கை இல்லாதோர் "அமைதி" போன்ற ஒரு சொல்லைப் பயன்படுத்தலாம். மனம் விலகிப்போனால் கோபிக்காது, மீண்டும் அச்சொல்லுக்கு வாருங்கள்.

(ஈ) வராத நித்திரையுடன் போராடாதீர்கள். சுமார் 20 நிமிடமாகியும் நித்திரை வராவிட்டால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக அமர்ந்திருங்கள். கண் சொருகும்போது திரும்பிப் படுங்கள். படுக்கை என்பது கவலைப்படும் இடம் என மூளை பழகிவிடாமல் தடுக்கும் இம்முறையை உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் விபரித்தார். மணிக்கூட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டாம்.

(உ) பின்நேரத்துக்குப் பின் கடுந்தேநீரும் கோப்பியும் வேண்டாம். நாம் விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பதார்த்தம் சேர்ந்து நித்திரை உணர்வைத் தருகின்றது. தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் அதன் செயலைத் தடுக்கின்றது. கைத்தொலைபேசியை வேறு அறையில் வையுங்கள். 1990களில் மின்சாரமின்றி ஜாம்போத்தல் விளக்கில் படித்த யாழ்ப்பாண மாணவருக்கு, எண்ணெயைச் சேமிப்பதற்காக விளக்கை நேரத்துக்கு அணைக்க வேண்டியிருந்தது. இன்று அந்தக் கட்டுப்பாட்டை நீங்களே உங்களுக்கு இட்டுக்கொள்ள வேண்டும்.

4. இரண்டு எச்சரிக்கைகள்

வீட்டிலுள்ள பெரியவர்களின் நித்திரைக் குளிசைகளை ஒருபோதும் எடுக்காதீர்கள். மறுநாளும் மயக்கம் நீடித்துப் பரீட்சையைக் கெடுக்கக்கூடும்.

வாரக்கணக்கில் நித்திரை இல்லாவிட்டால், அல்லது வாழ்வதே வீண் என்ற எண்ணம் வந்தால், அதனை உடனே பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் உளநலச் சிகிச்சை கிடைக்கின்றது. 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இறுதியாக ஒன்று. ஓர் இரவு நித்திரை குறைந்ததால் ஆண்டு முழுவதும் படித்தது அழிந்துவிடாது. கண்ணை மூடி அமைதியாகப் படுத்திருப்பதும் உடலுக்கு ஓய்வுதான். இந்த உண்மையை நம்பும் மாணவருக்குப் பயம் குறையும். பயம் குறைந்தால் நித்திரை தானாக வரும்.

மீட்டல் வினாக்கள்

1. பயம் ஏற்படும்போது அதிரினலினால் உடலில் ஏற்படும் மாற்றங்கள் இரண்டு தருக.
2. எண்ணங்களை அடக்க முயல்வது ஏன் பலன் தருவதில்லை? உதாரணத்துடன் விளக்குக.
3. நாளை நீங்கள் செய்யவேண்டியவற்றை இன்றிரவு படுக்குமுன் 5 நிமிடத்தில் விபரமாக எழுதுக.