மருந்தாகாத ராக்லோபிரைடு

ராக்லோபிரைடு என்ற பெயரை எந்த மருந்துக் கடையிலும் கேட்டிருக்க மாட்டீர்கள். மனச்சிதைவு நோய்க்காக ஸ்வீடனின் அஸ்ட்ரா நிறுவனம் உருவாக்கி, நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த மருந்து அது. விற்பனைக்கு வரவேயில்லை. ஆனால் மற்ற மருந்துகளை எவ்வளவு கொடுத்தால் போதும் என்று மருத்துவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது அதுதான்.

1952-இல் பாரிஸில் குளோர்புரோமசின் வந்தது முதல், இவ்வகை மருந்துகள் இல்லாத குரல்கள் கேட்பதையும் வீண் சந்தேகங்களையும் தணித்து வந்தன. கூடவே கை நடுங்கியது, உடல் விறைத்தது. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் அமர வேண்டிய டி2 ஏற்பிகளில் மருந்து போய் அமர்ந்துகொள்வதே இரண்டுக்கும் காரணம். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான். எத்தனை இடம் பிடித்தால் நோய் தணியும், எத்தனை பிடித்தால் உடல் விறைக்கும்? உயிரோடிருப்பவரின் மூளைக்குள் எட்டிப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது.

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் லார்ஸ் ஃபார்டேயும் உடனிருந்தவர்களும் 1980களின் நடுவில் எட்டிப் பார்த்தார்கள். ராக்லோபிரைடில் கதிரியக்கக் கார்பன்-11 அணுவைக் கோத்து, மிக நுண்ணிய அளவில் நரம்பில் ஏற்றி, பெட் ஸ்கேன் எடுத்தார்கள். கார்பன்-11 இருபது நிமிடத்தில் பாதியாகக் கரைந்துவிடும். எல்லாமே அவசர வேலை. காலியான ஏற்பிகளில் ராக்லோபிரைடு போய் அமர, அவை படத்தில் ஒளிர்ந்தன. ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவருக்கு ஒளி மங்கியது. மங்கிய அளவே மருந்து பிடித்த இடத்தின் அளவு. எவ்வளவு அழகான கணக்கு!

2000-இல் டொராண்டோவில் ஷிதிஜ் கபூர் குழுவினர், முதன்முறையாக நோய் கண்ட 22 பேருக்கு இவ்வகை மருந்தான ஹாலோபெரிடால் மாத்திரையை நாளொன்றுக்கு 1 அல்லது 2.5 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் கொடுத்து, இதே ராக்லோபிரைடால் அளந்தார்கள். ஏற்பிகளில் சுமார் 65 சதவீதம் அடைபட்டதும் நோய் தணியும் வாய்ப்பு கூடியது. 78 சதவீதத்தைத் தாண்டியதும் விறைப்பும் நடுக்கமும் தலைகாட்டின. நடுவில் இருப்பது குறுகிய இடைவெளிதான். அதற்குமேல் மருந்தைக் கூட்டினால் பெரும்பாலும் தொல்லைதான் கூடும்.

இவ்வகை மருந்துகளில் குளோசபின் மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்கவில்லை. பாதி அளவு ஏற்பிகளைப் பிடித்தே அது நன்றாக வேலை செய்கிறது. டோபமைன் மட்டுமே முழுக் கதை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது இந்த மருந்துகளைச் சாப்பிட்டு, கை நடுங்குகிறது, உடல் இறுகுகிறது என்றால், மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்க இடமிருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.