ஓடும் வண்டியும் நிற்கும் வண்டியும்

மருதமுனைத் தறிகளில் நெய்த சாரங்களையும் சேலைகளையும் ஏற்றிக்கொண்டு வேன் ஒன்று கல்முனையிலிருந்து தெற்கே புறப்படுகிறது. அக்கரைப்பற்று, பொத்துவில், மொனராகலை என்று ஊர் ஊராகச் செல்லும் வியாபாரிக்கு அவ்வண்டியே கடை. இரவில் அதுவே படுக்கை. வீதியில் ஓடும்போதும், சந்தையோரம் நிற்கும்போதும், வீட்டு முற்றத்தில் ஓய்ந்திருக்கும்போதும் அதற்குக் காப்பு உண்டா என்பது அக்குடும்பத்தின் சோற்றைப் பற்றிய கேள்வியாகும்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, மூன்றாந் தரப்புக் காப்புறுதியின்றி எந்த வாகனமும் வீதியில் செல்லலாகாது. ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கும் காப்புறுதிச் சான்றிதழ் வேண்டும். ஆயின், இச்சட்டம் காக்க முனைவது வண்டியை அன்று. அவ்வண்டியால் உயிரோ உறுப்போ இழக்கும் பிறரையே. உரிமையாளரின் வேன் மதிலில் மோதி நொறுங்கினாலும், இரவில் களவு போனாலும், இக்காப்புறுதியினால் அவருக்கு ஒரு சதமும் கிடையாது.

தன் வண்டிக்கு நேரும் சேதத்துக்கும் ஈடு வேண்டுவோர் முழுமையான காப்புறுதியைப் பெறல் வேண்டும். மோதல், தீ, களவு ஆகியவை பொதுவாக அதில் அடங்கும். வெள்ளம், சூறாவளி, கடற்கோள் முதலியவற்றுக்கோ, பல பத்திரங்களில் தனியாகக் கட்டணம் செலுத்தியே காப்புப் பெறவேண்டியிருக்கும்.

கீழ்க்கரையார் இந்த வேறுபாட்டைச் சிறியதெனக் கருத முடியாது. 1978 நவம்பரில் சூறாவளி கிழக்கைச் சூறையாடியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி, போயா தினமாகிய ஞாயிறு காலை, கடல் ஊருக்குள் புகுந்தபோது இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. உயிரிழப்பின் முன் பொருளிழப்பு சிறிதுதான். எனினும், எஞ்சியோர் மீண்டும் பிழைக்க வழி தேடியபோது, முற்றத்தில் வாளாநின்ற வண்டியையும் அலை கொண்டுபோயிருந்தது. ஓடும் வண்டிக்கே ஆபத்து என்னும் எண்ணத்தை அந்நாள் பொய்யாக்கியது.

இன்னும் இரண்டு செய்திகள் கவனத்துக்குரியவை. வண்டிக்கான காப்புறுதி அதிலுள்ள துணிமூட்டைகளைக் காப்பதில்லை. சரக்குக்குத் தனிக் காப்புறுதி வேண்டும். சொந்தப் பாவனைக்கென எழுதிக்கொடுத்த வண்டியைக் கூலிக்கு ஓட்டினால், விபத்து நேர்ந்தபின் ஈடு மறுக்கப்படலாம்.

வட்டியும் நிச்சயமின்மையும் கலந்த ஒப்பந்தமென்று காப்புறுதியைத் தவிர்க்கும் முஸ்லிம்கள் பலர். அவர்களுக்குத் தகாஃபுல் முறை உண்டு. பங்காளர் ஒவ்வொருவரும் நன்கொடையாக இடும் பணம் பொதுநிதியாகித் துன்புற்றவருக்கு உதவுகிறது. இலங்கையில் 1999இல் தோன்றிய அமானா தகாஃபுல் இவ்வழியில் வந்தது. அங்கும் எழுத்திலுள்ள நிபந்தனைகளே தீர்ப்புச் சொல்லும்.

ஆகவே, பத்திரத்தில் ஒப்பமிடுமுன் வியாபாரி கேட்கவேண்டிய வினா ஒன்றே: இவ்வண்டி ஓடாமல் நிற்கும் இரவில், கடலும் மழையும் காற்றும் வந்தால், ஈடு தருபவர் யார்?